மண்வழிக்கு ஓர் ஊர்தி

கல்லூரியன்னை விழாக் காணும் இவ்வேளையில் மலர்க் குழுவினர் எம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டினர். தமிழாசிரியர் என்றதும் சங்கச் செய்யுளோ புணர்ச்சி விதியோ வரும் என்று அவர்கள் காத்திருத்தல் கூடும். யாமோ மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதத் துணிந்தோம். தார் வீதியிலே பல்லாண்டு பழகிய ஒருவர், மணலும் சேறும் கிறவலும் விரிந்த வழியில் ஓடுதற்கென முதன்முதலாக ஓர் ஊர்தியைத் தெரிந்தெடுக்கும்போது எவற்றை நோக்குதல் வேண்டும் என்பதே எமது பொருள். இளைஞர் இத்தகைய ஊர்தியை ‘டேர்ட் பைக்’ என்பர். யாம் மண்ணூர்தி என வழங்குவோம். பழைய மாணவருட் பலர் இன்று நாற்பதைக் கடந்தவர். அவருள்ளும் சிலர்க்கு இவ்வாசை உண்டென்பதை அறிவோம். ஆசை தீதன்று. ஆயினும் பொருந்தாத தெரிவு பணத்தை மட்டுமன்றிக் காலையும் கையையும் விலையாகக் கேட்கும். ஆதலின் இதனை எழுதுதல் கடனென்று கொண்டோம்.

எமக்கு இப்பொருள் ஆசையால் மட்டும் வந்ததன்று. வன்னியில் ஒரு பாடசாலைக்கு மாற்றம் பெற்றுச் சென்றபோது, தார் முடிந்த இடத்திலிருந்து பாடசாலை வாயில்வரை ஏழு கிலோமீற்றர் வழி கிறவலும் மணலுமாய்க் கிடந்தது. மாரியில் அதில் மூன்று கிலோமீற்றர் சேறாகும். அதுவரை இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாம் ஓடியது தார் வீதிக்கென்று அமைந்த நூறு சி.சி. மோட்டார் சைக்கிளே. காலை மணி ஒலிக்குமுன் பிள்ளைகள் நடந்து வந்து சேர்ந்திருக்க, ஆசிரியர் வழியிற் புதைந்து நிற்றல் அழகன்று. ஆகவே வேறோர் ஊர்தியை நாடினோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிதல் வேண்டும். தார் வீதியில் ஓடிய அனுபவம் மண்ணில் ஓடுதற்குப் பாதியளவே உதவும். மற்றைப் பாதி தடையாகவும் நிற்கும். தாரிலே ரயர் நிலத்தைப் பற்றிக்கொண்டு செல்கின்றது. ஊர்தியை நிறுத்தும்போது பாரம் முன்னே சாய்கின்றது. முன்சில்லு நிலத்தை இறுகப் பற்றுகின்றது. நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன்பிறேக்கிலிருந்தே வருகின்றது. மணலிலோ இந்நன்மையே பகையாகும். பாரம் முன்னே சாய்ந்தால் முன்சில்லு மணலை உழுது புதையும், ஹாண்டில் ஒருபக்கம் மடங்கும், ஊர்தி சரியும். இக்காரணத்தால் மண்ணில் ஓடப் பழகியோர் கால்மிதிகளின்மேல் எழுந்து நின்று, முழங்கால்களால் பெற்றோல் தாங்கியை அணைத்து, மணல் வந்தவிடத்து உடலைச் சற்றே பின்வாங்கி, அக்சிலேற்றரைச் சீராக வைத்துக் கண்ணைத் தூரத்தே செலுத்துவர். ஆனால் அச்சம் வந்தவுடன் அக்சிலேற்றரை மூடி முன்பிறேக்கைப் பிடித்தல் தார்வீதிக்காரரின் கைக்கு ஊறிய பழக்கம். இருபதாண்டுப் பழக்கம் இருபது நாளில் மாறாது. எனவே அவர் விழுவார். மெல்லவே விழுவார், மென்மையான நிலத்திலே விழுவார், ஆயினும் பலமுறை விழுவார்.

இதிலிருந்து எமது கருத்துப் பிறக்கின்றது. தார் வீதியில் விழுதல் விபத்து. மண்ணில் விழுதல் பாடத்தின் ஒரு பகுதி. ஆதலின் தார் ஊர்தியை ஓடுதற்கெனத் தெரிகின்றோம்; முதல் மண்ணூர்தியையோ விழுதற்கும் எழுதற்குமெனத் தெரிதல் வேண்டும். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் ஏனைய வினாக்களுக்கு விடை தாமே வந்தமையும்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசன் போர்மேற் செல்லுமுன் எண்ணவேண்டியவை அவை. மண்மேற் செல்வோர்க்கும் அவ்வொழுங்கே போதும்.

வலியை முதலில் நோக்குவோம். மண்ணில் மோட்டார் சைக்கிள் ஓடும் போட்டி இங்கிலாந்திலே கேம்பர்லி என்னுமிடத்தில் 1924ஆம் ஆண்டு நடைபெற்றது. அதுவே இன்றைய ‘மோட்டோகுறொஸ்’ போட்டிக்கு வித்தாயிற்று. வீதியிலும் மண்ணிலும் ஒருங்கே ஓடத்தக்க ஊர்தியைப் பொதுமக்கள் கைக்குக் கொணர்ந்தவற்றுள் 1968ஆம் ஆண்டு யமஹா வெளியிட்ட டி.ரி.1 சிறப்புடையது. இவ்விரு வழிகளும் இன்றுவரை இரு குலங்களாகவே தொடர்கின்றன. ஒன்று போட்டிக்குரியது, மற்றையது வீதிக்கும் மண்ணுக்கும் பொதுவாயது. புதிதாய் வாங்குவோர் மயங்குமிடம் இதுவே. இரண்டிலும் ‘250’ என எழுதியிருக்கும். ஆனால் 250 சி.சி. கொண்ட யமஹா செரோ ஏறக்குறைய இருபது குதிரைவலு உடையது; அதே சி.சி. கொண்ட, அதே கம்பனியாரின் போட்டி ஊர்தியோ அதனைப்போல் இருமடங்கு வலுவுடையது. எழுத்தொன்று, பொருள் வேறு என்னும் நிலை இலக்கணத்தில் மட்டும் உள்ளதன்று.

போட்டி ஊர்திக்கு விளக்கில்லை, பதிவில்லை, ஆகவே பொது வீதியில் ஓடச் சட்டம் இடந்தராது. அதன் பராமரிப்பைக் கிலோமீற்றரால் அல்லாமல் மணித்தியாலத்தால் அளப்பர். சில மணித்தியால ஓட்டத்திற்கொருமுறை எண்ணெய் மாற்றவேண்டும். பிஸ்டனையும் குறித்த மணித்தியாலங்களில் மாற்றவேண்டும். ஆசிரியர் சம்பளத்திற்கு அது தகாது. அன்றியும் அதன் வலு படிப்படியாக வாராது. கை சற்றே திரும்பியதும் பாய்ந்து வரும். பயிலாதவர் அப்பாய்ச்சலில் பின்னே சாய்வார். சாயும்போது பிடிமானத்துக்காகக் கை மேலும் அக்சிலேற்றரைத் திருப்பும். ஊர்தி இன்னும் பாயும். தொடங்குவோர்க்கு வேண்டுவது குறைந்த சுழற்சியிலேயே மெல்ல இழுக்கும் இயந்திரம்.

ஆசனத்தின் உயரம் அடுத்தது. பழைய செரோ 225இன் ஆசனம் நிலத்திலிருந்து ஏறக்குறைய 810 மில்லிமீற்றர். செரோ 250இன் ஆசனம் 830. 2012இல் வந்த ஹொண்டா சி.ஆர்.எவ். 250 எல்லின் ஆசனம் 875 அளவில் உள்ளது. போட்டி ஊர்திகளோ 950ஐக் கடந்து நிற்பன. மண்ணூர்தியின் சொக் அப்சோபர் நீண்ட அசைவுடையது. ஓடுபவர் ஏறியமர்ந்ததும் அதில் மூன்றிலொரு பங்களவு அமிழ்தல் முறை. ஆதலின் எண்ணிற் கண்ட உயரம் முழுவதும் காலுக்குத் தெரியாது. எனினும் மண் சமதளமன்று. ஊன்றப்போகும் கால் ஒரு குழியின்மேல் வந்தால் மூன்றங்குலம் இல்லாமற் போகும். குதிகால் இரண்டும் படியவேண்டியதில்லை. இருபுறமும் முன்பாதமேனும் உறுதியாக ஊன்றுதல் வேண்டும். எம்மோடு பணிபுரிந்த நண்பர் ஒருவர், எமது உயரமே உடையவர், மிக உயர்ந்த ஊர்தி ஒன்றை அழகு கண்டு வாங்கினார். மூன்றாம் வாரத்தில் ஒரு குளக்கட்டின் சரிவிலே நின்றவர், ஊன்றக் காலுக்கு நிலம் கிட்டாது சரிந்தார். கணுக்கால் முறிந்தது. ஊர்தி அப்போது ஓடவேயில்லை என்பதை நினைத்தல் வேண்டும்.

நிறையைப் பற்றியும் ஒரு சொல். செரோ 250 பெற்றோலோடு 130 கிலோகிராம் அளவினது. இந்தியாவிலே 2019இல் ஹீரோ கம்பனியார் வெளியிட்ட எக்ஸ்பல்ஸ் 200 ஊர்தி 154 கிலோகிராம். கிறவல் வழிக்கும் நெடுந்தூரத்துக்கும் அது நன்று. தாரில் ஓடும்போது இருபது கிலோகிராம் வேறுபாடு தெரியாது. மணலில் மூன்றாமுறை தூக்கும்போது நன்றாய்த் தெரியும்.

இதனை எமக்கு உணர்த்தியவர் எம்மிடம் தமிழ் கற்ற பழைய மாணவர் ஒருவர். அவர் கிளிநொச்சிப் பக்கத்திலே மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச் ஒன்றை நடத்துகின்றார். 2022ஆம் ஆண்டு யாம் அவரிடம் சென்றபோது முற்றத்தில் இரண்டு மண்ணூர்திகள் விலைக்கு நின்றன. ஒன்று உயர்ந்து, ஒளிர்ந்து, பாயக் காத்திருப்பதுபோல் நின்றது. மற்றையது நிறம் மங்கிய செரோ. முன்னதன் விலையும் ஓரளவு குறைவே. யாம் இரண்டினதும் வேகத்தையும் வலுவையும் வினவினோம். அவர் விடை கூறாது செரோவை வெளியே உருட்டிச் சென்று, வேலியோரத்து மணலிலே மெல்லச் சரித்துக் கிடத்தினார். “சேர், ஓடிப் பார்க்க முன்னம் இதைத் தூக்கிப் பாருங்கோ” என்றார்.

தூக்கும் முறையையும் அவரே காட்டினார். முதலில் இயந்திரத்தை நிறுத்திப் பெற்றோலை மூடவேண்டும். ஹாண்டிலை ஒருபக்கம் முழுவதும் மடித்து, ஆசனத்தோடு முதுகு சேரத் திரும்பி நின்று, குந்தி, ஒருகை ஹாண்டிலிலும் மறுகை பின்புறச் சட்டத்திலுமாகப் பிடித்து, இடுப்பால் அன்றிக் கால்களால் தள்ளி எழவேண்டும். யாம் அவ்வாறே எழுந்தோம்; ஊர்தியும் எம்மோடு எழுந்தது. இரண்டாமுறையும் சரித்தார், தூக்கினோம். மூன்றாமுறையும் அவ்வாறே. பின்னர் மற்றைய ஊர்தியைக் கிடத்தினார். அதனை ஒருமுறை தூக்கினோம். இரண்டாமுறை மூச்சு வாங்கிற்று. “மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, தனிய, நாலாந்தரம் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ சேர்” என்றார். அதன்மேல் ஆராய வேண்டியதொன்றில்லை. எழுவாய் என்னுஞ் சொல்லை வகுப்பறையில் அவருக்குக் கற்பித்தவர் யாம். மணலிலே அதன் மற்றைப் பொருளை எமக்குக் கற்பித்தவர் அவர்.

பழைய ஊர்தி வாங்குவோர் நோக்கவேண்டியவற்றையும் அவரிடமே கற்றோம். செரோவின் உற்பத்தி 2020ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது; ஆதலின் கிடைப்பன யாவும் ஒருவர் கைப்பட்டனவே. எமது நாட்டிலும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழையனவற்றின் விலை ஏறிற்று. பல ஊர்திகளின் உறுப்புக்களைக் கூட்டி ஒன்றாக்கி விற்பாரும் தோன்றினர். ஆகவே சட்டத்திற் பொறித்த இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். முன்சில்லை உயர்த்தி ஹாண்டிலை இருபுறமும் திருப்பினால் நடுவிற் சிக்காது செல்லவேண்டும். பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. முன்சொக்கின் குழாயில் எண்ணெய் கசிந்த ஈரம் இருத்தலாகாது. சில்லுக் கம்பிகளை ஒரு சிறு சாவியால் தட்டினால் யாவும் ஏறக்குறைய ஒரே ஒலி தரவேண்டும். ஊமையொலி தருவது தளர்ந்த கம்பி. காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்தல் எல்லாவற்றினும் தலையாயது. அது அழுக்கடைந்து கிழிந்திருந்தால், உள்ளே சென்ற மணல் இயந்திரத்தை அரைத்திருக்கும் என்று கொள்க. நூறு சி.சி.க்கு மேற்பட்ட ஊர்திக்கு வேறு வகை அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் சிறிய ஊர்தியோடு பழகியவர் மறத்தலாகாது.

எமது இல்லாள் விலையைக் கேட்கவில்லை. “விழுந்தால் ஆர் தூக்கிறது?” என்ற ஒன்றையே கேட்டார். கராச்சிலே மாணவர் வைத்த சோதனையும் வீட்டிலே எழுந்த வினாவும் ஒன்றாயிருத்தலைக் கண்டு வியந்தோம். நாற்பதைக் கடந்தவரின் எலும்பு இருபது வயதினரின் எலும்பைப்போல் விரைவிற் பொருந்தாது. அவர் படுத்தால் ஒரு குடும்பமும் படுக்கும். எனவே ஊர்திக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே பிரித்துவைத்தோம். தலைக்கவசம் சட்டத்தினால் வேண்டப்படுவது. சட்டம் கேளாதவை முழங்காற் காப்பும், கண்ணாடியும், முழந்தாளுக்குக் கீழே உயர்ந்து நிற்கும் தடித்த சப்பாத்தும். மெல்ல விழும் விழுக்காட்டில் ஊர்தி காலின்மேலேயே சரிகின்றது. ஆதலின் சப்பாத்தே தொடங்குவோரின் முதற் காவல். பணம் போதாதெனில் ஊர்தியின் விலையைக் குறைக்கலாம். சப்பாத்தைக் குறைத்தல் ஆகாது.

இனிக் காலமறிதல். ஊர்தி வாங்கிய மறுநாளே ஏழு கிலோமீற்றர் வழியில் இறங்கினோமல்லேம். கோடை விடுமுறையில், வெயில் ஏறுமுன், நாளுக்கு ஒரு மணித்தியாலம் திறந்த வெளியொன்றில் பழகினோம். எழுந்து நிற்றல், மெல்லத் திரும்புதல், பின்பிறேக்கை மட்டும் பிடித்து நிறுத்தல், மணலிற் புறப்படுதல் என்பவை பாடங்கள். களைத்தபின் பழகுதல் கூடாது. களைப்பிலேதான் பழைய பழக்கம் கைக்கு மீளும். கோடையில் மணல் தளர்ந்து ஆழமாகும். முதல் மழைக்குப்பின் இறுகி நன்றாகும். மாரி முற்றியபின் களிமண் வழுக்கும். ஒரே வழி ஆண்டில் மூன்று வழிகளாம்.

ரயர்க் காற்றும் காலத்துக்கேற்ப மாறவேண்டியதே. தாரிலே சதுர அங்குலத்திற்கு 25 இறாத்தல் அளவில் வைக்கும் காற்றை மணலிற் புகுமுன் 15 அளவுக்குக் குறைத்தால் ரயர் பரந்து மணலின்மேல் மிதந்தாற்போற் செல்லும். மிகக் குறைத்தாலோ கல்லில் அடிபட்டு ரியூப் நசுங்கித் துளைபடும். தார் வந்ததும் மீளக் காற்றேற்றவேண்டும்; ஆகவே ஒரு சிறு கைப்பம்பு உடன் செல்லுதல் நன்று. யாம் ஊர்தி வாங்கிய 2022ஆம் ஆண்டு பெற்றோல் அரிதாகி, ஆகஸ்டு மாதத்திலே மோட்டார் சைக்கிளொன்றிற்கு வாரத்திற்கு 4 லீற்றரே வழங்கப்பட்டது. சிறிய இயந்திரத்தைத் தெரிந்ததன் பயன் அக்காலத்தும் தெரிந்தது.

இறுதியாவது இடனறிதல். மண்ணூர்தி எங்கும் செல்லவல்லது. ஆனால் எங்கும் செல்லத்தக்கதன்று. இதனை எமது மாகாணத்தார்க்கு அழுத்திக் கூறவேண்டும். போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் பணியோ அதன்பின் நெடுங்காலம் தொடர்ந்தது. முகமாலை போன்ற இடங்களில் மண்ணைச் சாண் சாணாகத் தேடினர். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. ஆயினும் நிலம் முழுவதும் விடுவிக்கப்பட்டுவிடவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையை வெறும் எச்சரிக்கையென்று எண்ணற்க. பலகை இல்லாத இடத்தும், ஊரவர் மாடு சாய்த்துச் செல்லும் தடத்தைவிட்டு விலகற்க. குறுக்குவழி என்று பற்றைக்குள் ஊர்தியைத் திருப்புதல் வீரமன்று. அறியாத ஊரில் முதலில் இறங்கி ஒரு முதியவரை வினவுதலே அறிவு.

வில்பத்து 1938 முதலும் சுண்டிக்குளம் 2015 முதலும் தேசியப் பூங்காக்கள். அத்தகைய இடங்களுள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை. மணற்காட்டு மணல்மேடுகள் காற்றால் உயர்ந்து, அடம்பன்கொடியால் நிலைபெறுவன. சில்லுகள் அக்கொடியை அறுத்தால் மணல் பெயர்ந்து குடிமனைக்குள் வரும். விதைத்த வயலின் வரம்பும், கோயிற் கேணியின் கரையும், பிள்ளைகள் நடக்கும் நேரத்துப் பாடசாலை வழியும் பயிற்சிக்குரிய இடங்களல்ல. புழுதியும் ஓசையும் பிறர்க்குச் செய்யும் இடர் என்பதை ஊர்தியில் இருப்பவர் எளிதில் உணரார்.

இத்தனையும் ஒரு மோட்டார் சைக்கிளுக்காகவா என்று மாணவர் நகைத்தல் கூடும். யாம் கண்டதைக் கூறுகின்றோம். இருபதாண்டு அனுபவமுள்ளவர் புதிய துறையிற் புகும்போது அவரைக் கெடுப்பது அறியாமை அன்று. பழைய துறையில் அவர் பெற்ற பெருமையே. அப்பெருமை அவரிடம், “உமக்குச் சிறியது போதாது” என்று சொல்லும். வகுப்பிலே முதல்வனாயிருந்த பிள்ளை வேறோர் பாடத்தில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க நாணுதல் போன்றது அது. அந்நாணத்தை விட்டவர்க்குச் சிறிய ஊர்தியே பெரிய ஆசிரியர். அதனிடம் கற்று முடிந்தபின் பெரியதை வாங்குதற்குத் தடையில்லை; முதலிற் பெரியதை வாங்கி முறிந்தவர் பின்னர் எதனையும் வாங்குவதில்லை.

அச்செரோ இன்றும் எம்மிடம் உண்டு. முதலாண்டில் அதிலிருந்து பதினொரு முறை விழுந்தோம். மறுவாண்டில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் யாமே தூக்கி நிறுத்தினோம். ஒருமுறையேனும் முதல் மணிக்குப் பிந்தினோமல்லேம். வகுப்பிற் புகும்போது காற்சட்டையிற் படிந்த செம்மண்ணைக் கண்டு பிள்ளைகள் தம்முள் நகைப்பர். யாமும் நகைத்துக்கொண்டே வரவிடாப்பை விரிப்போம்.